கவுன்சில் நர்சிங் ஹோமை மூடப் போகிறார்களாம், அம்மாவை என்ன செய்வது?

மூத்தமகள்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிழமையாகச் சரியான நித்திரை இல்லை, யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

அம்மாவுக்கு 84 வயது. ஸ்ட்ரோக் வந்து வலக் கையும் காலும் விழுந்துவிட்டன, அதோடு மறதியும் கூடிக்கொண்டே வந்தது. நாலு வருடமாக எங்கள் பகுதிக் கவுன்சிலே, அதாவது உள்ளூராட்சியே, நடத்துகிற நர்சிங் ஹோமில், நர்சுகளும் இருக்கிற முதியோர் இல்லத்தில், இருக்கிறார். நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், வீட்டிலிருந்து அந்த இடம் பஸ்ஸில் 15 நிமிடம், வேலை முடிந்து வருகிற வழியில் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் போய்ப் பார்த்துவிடுவேன். அம்மாவிடம் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கவுன்சில் உதவி கிடைப்பதற்கான 23,250 பவுண்ட் வரம்புக்கு வெகு கீழே, அதனால் அவருடைய பென்ஷன் போக மீதியைக் கவுன்சில்தான் கட்டுகிறது.

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. ஹோமை மூடுவதாக "யோசனை" இருக்கிறதாம், 12 வாரம் கருத்துக் கேட்கிறார்களாம், இன்னும் எந்த முடிவும் எடுக்கவில்லையாம். காரணமாகச் சொல்லியிருப்பது: இல்லங்களைக் கண்காணிக்கிற சி.கியூ.சி. என்ற அமைப்பின் பரிசோதனையில் "இனடிக்குவேட்", அதாவது ஆக மோசமான தரம், கிடைத்தது, கட்டடம் பழையது, அறைகளோடு சேர்ந்த குளியலறை இல்லை, ஏஜென்சி நர்சுகளுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை, பாதிக் கட்டில்கள் காலி. பாதிக் கட்டில்கள் ஏன் காலி என்றால் அந்த அறிக்கை வந்ததும் கவுன்சிலே புதிதாக ஆட்களை அனுப்புவதை நிறுத்திவிட்டது. அதைக் கடிதத்தில் எழுதவில்லை.

நான் அந்த இடத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. அறிக்கையில் இருந்த பலதை நானே கண்ணால் பார்த்தவள். ஒரு நாள் பின்னேரம் 5 மணிக்குப் போனேன். அம்மா எவ்வளவு குடித்தார் என்று எழுதுகிற தாள் கட்டிலடியில் தொங்கும். அதில் இரவு 8 மணி வரைக்கும், இன்னும் வராத மணிகளுக்கும் சேர்த்து, ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் "100 மில்லி, 100 மில்லி" என்று எழுதியிருந்தது. மேசையில், விழுங்கக் கஷ்டம் என்பதால் மாப்பவுடர் போட்டுத் தடிப்பாக்கிய ஜூஸ் வாய் வைக்காமல் அப்படியே, மேலே ஒரு தோல் படிந்து கிடந்தது. அம்மாவின் உதடு வெடித்திருந்தது. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன், பஞ்சை விடாமல் உறிஞ்சினார். அந்த இரவு எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் இங்கே போட முடியாது. முறைப்பாடு கொடுத்தேன், மன்னிப்புக் கடிதம் வந்தது, மூன்று மாதத்தில் மனேஜர் மாறினார், அடுத்த மனேஜரும் மாறிவிட்டார்.

ஆனால் அதே இடத்தில்தான் கானா நாட்டுப் பெண் ஒருவர் கேர் அசிஸ்டன்டாக இருக்கிறார். அம்மாவுக்கு இங்கிலிஷ் முழுக்கப் போய்விட்டது. 20 வருடம் இந்த நாட்டில் கடைக்கும் கிளினிக்குக்கும் தனியாகப் போய்வந்த மனுஷி, இப்போது தமிழ் மட்டும்தான், அதுவும் துண்டு துண்டாக. அந்தப் பெண் என்னிடம் கேட்டு மூன்று சொல் பாடமாக்கினார்: தண்ணி, நோகுதா, வாயைத் திறவுங்கோ. கையுறைப் பெட்டியின் மூடியைக் கிழித்து அதில் இங்கிலிஷ் எழுத்தில் எழுதி அம்மாவின் அலமாரிக்குள் ஒட்டி வைத்திருக்கிறார். அவர் கொடுத்தால் மட்டும் அம்மா மாத்திரை விழுங்குவார். மற்றவர்கள் கொடுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுவார்.

இப்போது மற்றக் குடும்பங்கள் ஹோமை மூடாதே என்று கையெழுத்து வேட்டை நடத்துகிறார்கள். நான் போடுவதா வேண்டாமா? கனடாவில் இருக்கிற தம்பி, "அக்கா, இவ்வளவு மோசமென்று நீயேதான் சொன்னாய், பிறகு எதற்குப் போராடுகிறாய், உடனே வேறு இடம் பார்" என்கிறான். அவன் சொல்வதும் பிழையில்லை. ஆனால் இன்னொரு இடத்தில் அந்த மூன்று சொல்லை யார் சொல்லப் போகிறார்கள்? கவுன்சில் எங்காவது தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடுமா? கூடுதல் காசு கேட்டால் என்ன செய்வது? இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


நைட் ஷிஃப்ட்:

அக்கா, நான் இங்கே நர்சிங் ஹோமில் நர்ஸ், பதினோரு வருஷம் ஆகிறது, பெரும்பாலும் இரவு வேலை. ஒரு ஹோம் மூடப்பட்டபோது கடைசி நாள் வரை அங்கே வேலை செய்திருக்கிறேன். அதனால் மற்றவர்கள் சட்டம் சொல்வார்கள், நான் அந்தக் கட்டிடத்துக்குள் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தத் தாள். வராத மணிக்கு முன்கூட்டியே எழுதி வைப்பது சின்னத் தப்பு இல்லை, படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இனிமேல் எடுங்கள், தேதியோடு. கவுன்சிலின் சேஃப்கார்டிங் பிரிவுக்கு, கவனக்குறைவு, கொடுமை பற்றிய புகார்களைப் பார்க்கிற பிரிவு அது, நேராகவே சொல்லலாம், ஹோம் மனேஜர் வழியாகத்தான் போக வேண்டும் என்று இல்லை. சி.கியூ.சி.க்கும் எழுதுங்கள். அவர்கள் உங்கள் ஒருவருடைய புகாரைத் தீர்த்து வைக்க மாட்டார்கள், ஆனால் அடுத்த பரிசோதனையில் எதைத் தோண்ட வேண்டும் என்பதற்கு அது பயன்படும். "இனடிக்குவேட்" வந்தால் ஸ்பெஷல் மெஷர்ஸ் என்று தீவிரக் கண்காணிப்பில் வைத்துத் திரும்ப வந்து பார்ப்பதுதான் வழக்கம்.

இப்போது முக்கியமான விஷயம். மூடப் போகிறோம் என்று கடிதம் போன நாளிலிருந்து கடைசி ஆள் வெளியேறும் நாள் வரைக்கும் உள்ள காலம்தான் மிகவும் ஆபத்தானது, இதை யாரும் குடும்பங்களுக்குச் சொல்வதில்லை. நல்ல ஸ்டாஃப் முதலில் போய்விடுவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, வாடகை கட்ட வேண்டும், வேறு வேலை கிடைத்தால் எடுக்கத்தான் செய்வார்கள். அந்த இடத்துக்கு ஏஜென்சியில் இருந்து ஆள் வரும், ஒவ்வொரு இரவும் வேறு முகம். நர்சிங் ஹோம் என்றால் எந்த நேரமும் பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் இருந்தாக வேண்டும், ஆனால் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்த நர்சுக்கு உங்கள் அம்மா ஏன் பல்லைக் கடிக்கிறார் என்று எப்படித் தெரியும்? "மாத்திரை மறுத்தார்" என்று சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். ஸ்ட்ரோக் வந்தவர் ரத்த அழுத்த மாத்திரையை நாலு நாள் தொடர்ந்து மறுத்தால் அது சின்ன விஷயமா? ஆகவே நீங்கள் தினமும் போவது தொடரட்டும், நேரத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போங்கள். ஞாயிறு காலை, இரவு 9 மணி, இந்த மாதிரி. மாத்திரைச் சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள். குதிகால், இடுப்புக்குக் கீழே, இந்த இரண்டு இடத்திலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு போகவில்லை என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், படுக்கைப் புண் அப்படித்தான் தொடங்கும். கருமையான தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

புது இடம் பார்க்கப் போகும்போது வரவேற்பறையையும் பூச்சாடியையும் பார்க்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் போங்கள். ஊட்டிவிடுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா நின்றுகொண்டா என்று பாருங்கள், நின்றுகொண்டு ஊட்டுகிற இடத்தில் அவசரம் இருக்கிறது என்று அர்த்தம். பெல் அடித்தால் எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஸ்டாஃப், அதில் எத்தனை பேர் ஏஜென்சி என்று நேராகக் கேளுங்கள், மனேஜர் எத்தனை வருஷமாக இருக்கிறார் என்றும் கேளுங்கள். சி.கியூ.சி. ரேட்டிங்கை வாசலில் ஒட்டியிருக்க வேண்டும், அது சட்டம், ஆனால் தேதியையும் பாருங்கள். அஞ்சு வருஷத்துக்கு முந்தைய "குட்" இன்றைக்கும் குட் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, மாற்றுகிற நாளை அவர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் என்று வைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சனி ஞாயிறில் டாக்டர் இல்லை, மருந்து குறைந்தால் வாங்க முடியாது, மனேஜரும் இருக்க மாட்டார். திங்கள், செவ்வாய் காலைதான் சரி.


அப்பாவின் பிள்ளை:

அக்கா, நான் கையெழுத்துப் போட்டவன். போட்டது மட்டுமில்லை, வீடு வீடாகப் போய் வாங்கியவன், டவுன் ஹால் வாசலில் பதாகையோடு நின்றவன். எங்கள் அப்பா இருந்ததும் கவுன்சில் ஹோம்தான். நாங்கள் வென்றோம், மூடுவதை ஒரு வருடத்துக்கு மேல் தள்ளி வைத்தார்கள். எல்லோரும் கட்டிப் பிடித்து அழுதோம்.

அந்த ஒரு வருடம் எப்படி இருந்தது தெரியுமா? திறந்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஒரு ஆளைப் புதிதாக எடுக்கவில்லை. பழுதான லிஃப்டைத் திருத்தவில்லை, மூடத்தானே போகிறோம் என்று. அப்பா மேல் மாடியில் ஆறு கிழமை கீழே இறங்காமல் கிடந்தார். கடைசியில் எப்படியும் மூடினார்கள், அப்போது பக்கத்து நல்ல இடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன, அவசரத்தில் கிடைத்த அறையில்தான் போட வேண்டி வந்தது. பிறகு ஏழு மாதம்தான் இருந்தார். அங்கே மாற்றியதால்தான் போனார் என்று சொல்லமாட்டேன், அவருக்கு வயதும் வருத்தமும் இருந்தது. ஆனால் நான் அந்த ஒரு வருடம் பதாகை பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் நல்ல அறை ஒன்று பார்த்திருக்கலாம் என்று இன்றைக்கும் நெஞ்சு கிடந்து அடிக்கிறது.

போராட வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டடத்துக்காகப் போராட வேண்டாம்.


பழைய கவுன்சில் ஆள்:

தங்கச்சி, நான் வேறொரு கவுன்சிலில் முதியோர் பராமரிப்புப் பக்கம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரிக் கடிதங்களை எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன், அதனால் உள்ளது உள்ளபடி சொல்கிறேன்.

கவுன்சிலே நர்சிங் ஹோம் நடத்துவது இங்கே மிகவும் அரிது. 1948 சட்டத்தின் கீழ் கவுன்சில்கள் நடத்தியவை சாதாரண முதியோர் இல்லங்கள், நர்சிங் என்பது என்.எச்.எஸ்., அதாவது அரசாங்க சுகாதார சேவை, பக்கத்து வேலையாகவே இருந்தது. பிறகு தனியாரிடம் இடம் வாங்குவது மலிவு என்று ஆனதும் இருந்த இல்லங்களையும் ஒவ்வொன்றாக விட்டார்கள். தங்கள் சொந்த ஆட்களுக்குக் கவுன்சில் கொடுக்கிற சம்பளமும் பென்ஷனும் தனியாரைவிடக் கூட, கணக்குப் பார்க்கிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். குரோய்டன், பர்மிங்ஹாம், நொட்டிங்ஹாம் என்று பெரிய கவுன்சில்களே கையில் காசில்லை என்று 114 நோட்டீஸ் கொடுத்த காலம் இது. ஆகவே மூடும் யோசனை வந்துவிட்டால் பெரும்பாலும் அது திரும்பிப் போகாது, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் "இன்னும் முடிவு எடுக்கவில்லை" என்று எழுதியிருக்கிறார்களே, அந்த வசனத்தைச் சும்மா விடாதீர்கள், அது அவர்கள் மேல் நாலு கடமையைச் சுமத்துகிறது. 1985இல் பிரென்ட் கவுன்சிலுக்கு எதிரான கன்னிங் வழக்கில் வந்த நாலு விதிகள், 2014இல் ஹாரிங்கே கவுன்சில் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அவற்றை ஏற்றுக்கொண்டது. மனதில் முடிவு கட்டிவிட்டுக் கருத்துக் கேட்கக் கூடாது. மக்கள் யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களைக் கொடுக்க வேண்டும். போதிய நேரம் கொடுக்க வேண்டும். வந்த பதில்களை உண்மையிலேயே கருத்தில் எடுக்க வேண்டும். முதியோர் இல்லங்களை மூடிய டெவன், டரம் வழக்குகளிலும் உள்ளே இருப்பவர்களுக்கு வேளையோடு சொல்லி, மறுப்புச் சொல்ல அவகாசம் கொடுத்து, அதைப் பரிசீலிக்க வேண்டும் என்றுதான் தீர்ப்பு. இப்போது உங்கள் கடிதத்தைப் பாருங்கள், கட்டில் காலியாக இருப்பது தாங்களே புது ஆட்களை அனுப்புவதை நிறுத்தியதால் என்பதை மறைத்துவிட்டார்கள். அதை எழுத்தில் கேளுங்கள். நிறுத்தியதற்கு முன் எத்தனை கட்டில் நிரம்பியிருந்தது, ஏஜென்சிக்கு மாதாமாதம் எவ்வளவு போனது, கட்டடத்தைத் திருத்த எவ்வளவு என்று யார் கணக்குப் போட்டது, இவற்றை எல்லாம் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கேட்டால் 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். 12 வாரம் முடிவதற்குள் பதில் கையில் கிடைக்க வேண்டும், ஆகவே இந்தக் கிழமையே அனுப்புங்கள்.

"உயிர் உள்ளவரை இங்கேதான்" என்று யாராவது எழுதிக் கொடுத்தார்களா? பழைய கடிதங்களைத் தேடுங்கள். எக்ஸிட்டரில் மார்டன் ஹவுஸ் என்ற இடத்தில் இருந்த பமேலா கொக்லன் என்ற பெண்மணிக்கு, விரும்பும் வரை இருக்கலாம் என்று 1993இல் சுகாதார நிர்வாகம் வாக்குக் கொடுத்துப் பிறகு மூடப் பார்த்தது. அந்த வாக்கை மீறுவது அநியாயம் என்று 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் அங்கே தெளிவான வாக்கு, அதுவும் ஒரு சிறு குழுவுக்குக் கொடுத்தது. "நன்றாகப் பார்த்துக்கொள்வோம்" என்கிற மாதிரி ஒரு பேச்சு அதற்குப் போதாது.

சரி, மூடுவதுதான் முடிவு என்றால் உங்கள் அம்மாவுக்கு என்ன உரிமை? 2014 கேர் சட்டம், 18ஆம் பிரிவு. அவருடைய தேவைகளைக் கவனிக்கும் கடமை கட்டடத்தோடு சேர்ந்து மூடப்படுவதில்லை. முதலில் புதிதாக ஒரு மதிப்பீடு கேளுங்கள், 9ஆம் பிரிவின் கீழ். அந்த மதிப்பீட்டுத் தாளில் என்ன எழுதப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "தமிழ் பேசுகிறவர் இருந்தால் நல்லது" என்று எழுதினால் அது ஆசை. "தமிழில் சொன்னால் மட்டும் மருந்தும் தண்ணீரும் எடுக்கிறார், இல்லாவிட்டால் மறுக்கிறார்" என்று எழுதினால் அது தேவை. மகள் ஒவ்வொரு நாளும் வருவதால்தான் போதிய அளவு குடிக்கிறார் என்றால் அதையும் எழுத வையுங்கள், அப்போது தூரத்து இடம் பொருத்தமில்லாத இடம் ஆகிவிடும்.

காசு விஷயம். உங்கள் அம்மாவின் தேவைக்குப் பொருந்துகிற இடம் ஒன்றாவது அவருக்கென்று ஒதுக்கிய தொகைக்குள் கிடைக்கும்படி கவுன்சில் செய்ய வேண்டும். அப்படி ஒன்று இருக்கும்போது நீங்கள் விரும்பி அதைவிட விலை கூடியதைத் தெரிவு செய்தால்தான் மேலதிகக் காசு, அதாவது டொப்-அப் கேட்கலாம். பொருத்தமான இடமே விலை கூடினதுதான் என்றால் ஒதுக்கீட்டைக் கூட்ட வேண்டியது அவர்கள், உங்களிடம் கேட்கக் கூடாது. தொலைபேசியில் ஒரு பிள்ளை இனிமையாகக் கதைத்து "கிழமைக்கு இவ்வளவு போட்டால் உடனே அறை இருக்கிறது" என்று சொல்லும், ஓம் என்று சொல்லிவிடாதீர்கள், எந்தப் படிவத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

அதோடு நர்சுக்கென்று கிழமைக்கு ஒரு தொகையை என்.எச்.எஸ். ஹோமுக்குக் கட்டுகிறது. சும்மா முதியோர் இல்லத்துக்கு மாற்றினால் அது நின்றுவிடும், இருபத்துநாலு மணி நேர நர்சும் இருக்க மாட்டார், ஆகவே "நர்சிங்" இடம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரோக், விழுங்கக் கஷ்டம், மறதி, மருந்து மறுப்பது, இத்தனையும் சேர்ந்திருப்பதால் கன்டினியூயிங் ஹெல்த்கேர் செக்லிஸ்டைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். கிடைத்தால் முழுச் செலவும் என்.எச்.எஸ். தலையில். கிடைப்பது சுலபம் இல்லை, கேட்காமல் விடாதீர்கள்.

மூடுவது என்று கவுன்சிலின் கேபினட் முடிவெடுத்த பிறகு அதை நீதிமன்றத்தில் எதிர்க்க வேண்டுமானால் தாமதம் இல்லாமல், எப்படியும் மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். முறைப்பாட்டுக் கடிதம் எழுதிக்கொண்டு அந்த மூன்று மாதத்தைத் தின்றுவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.


தேன்சிட்டு:

அப்பாவின் பிள்ளை எழுதியதை வாசித்து மனசு பாரமாகிவிட்டது. ஆனால் மாற்றினால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று மூத்தமகள் பயந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் மாமியாரை மாற்றினோம். முதல் ஒரு மாதம் கஷ்டம், இரவில் கதவைத் தட்டினார், சாப்பாடு குறைந்தது. மூன்றாம் மாதம் முகம் தெளிந்தது. நாங்கள் செய்தது ஒன்றுதான், அறையில் இருந்த சாமான்களை அதே ஒழுங்கில் வைத்தோம். கட்டிலுக்கு இடது பக்கம் சாமிப்படம், வலது பக்கம் ஜன்னல் வரும்படி கட்டிலையே திருப்பிப் போட வைத்தோம். பழைய போர்வையைத் துவைக்காமல் கொண்டுபோனோம், மணம் மாறக் கூடாது என்று.

நைட் ஷிஃப்ட், இடம் மாற்றினாலே முதியவர்கள் இறந்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அது உண்மையா?


நைட் ஷிஃப்ட்:

எப்படி மாற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான். பர்மிங்ஹாமில் கவுன்சில் தன் முதியோர் இல்லங்களை வரிசையாக மூடியபோது அங்கிருந்த பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஆட்களைத் தொடர்ந்து பார்த்து எழுதினார்கள். நேரம் எடுத்து, தெரிந்த முகங்கள் கூட இருந்து, ஒவ்வொருவரையும் சரியாக மதிப்பிட்டு மாற்றினால் பலருக்கு நிலைமை அப்படியே இருக்கும் அல்லது தேறும் என்பதுதான் அதில் வந்தது. நான் பார்த்த கெட்ட மாற்றங்கள் எல்லாம் அவசர மாற்றங்கள்தான். ஒரு அம்மாவைப் பையோடு அனுப்பினார்கள், அவரைத் தூக்குகிற ஹாய்ஸ்ட் இயந்திரத்தின் ஸ்லிங், அதாவது தூக்குத் துணியின், அளவு தாளில் இல்லை, புது இடத்தில் முதல் இரவு முழுக்க கட்டிலை விட்டு எழுப்பவே பயந்தார்கள்.

அக்கா, அம்மாவோடு என்னென்ன போக வேண்டும் என்பதை நீங்களே கையில் வைத்திருங்கள், அவர்கள் அனுப்புவார்கள் என்று இருக்காதீர்கள். பானத்தை எந்த அளவுக்குத் தடிப்பாக்க வேண்டும் என்று பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் எழுதிய தாள், அதில் ஒரு அளவு தப்பினாலும் பானம் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். எந்த ஸ்லிங், எந்தக் காற்று மெத்தை. மாத்திரைச் சார்ட்டின் பிரதியும் ஒரு வாரத்துக்கான மருந்தும். இதயம் நின்றால் மீட்க முயல வேண்டாம் என்ற படிவம் இருந்தால் அதன் அசல். அப்புறம் சொந்தமாக முடிவெடுக்க முடியாதவரை வெளியே விடாமல் வைத்துப் பராமரிப்பதற்கான டோல்ஸ் அனுமதி ஒரு இடத்துக்கு மட்டும்தான், புது ஹோம் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும், நினைவூட்டுங்கள்.

மறதி நோய்க்காரர்களுக்கு உதவுகிற அல்சைமர்ஸ் சொசைட்டி ஒரு படிவம் வைத்திருக்கிறது, "திஸ் இஸ் மீ" என்று. இலவசம். என்ன பிடிக்கும், எதற்குப் பயம், எப்படிக் கூப்பிட வேண்டும் என்று குடும்பம் எழுதிக் கொடுப்பது. இரவு ஷிஃப்டுக்குப் புதிதாக வருகிறவள் 40 பக்கக் கேர் பிளானைப் படிக்க மாட்டாள், இதைப் படிப்பாள். நான் படிப்பேன்.

அந்தக் கானாப் பெண்ணிடம் பேசினீர்களா? புது ஹோமில் முதல் நாள் வந்து இரண்டு மணி நேரம் இருக்கச் சொல்லிக் கவுன்சிலைக் கேளுங்கள். அவர் கவுன்சில் ஊழியர்தானே, மூடும் வரை சம்பளம் அவர்கள்தான் கொடுக்கிறார்கள், அனுப்பலாம். கேட்டால் முடியாது என்று சொல்வதற்கு அவர்களிடம் நல்ல காரணம் இருக்காது.


மூத்தமகள்:

எல்லோருக்கும் பதில் எழுதத்தான் நினைத்தேன், வேலை விட்டு வந்து ஹோமுக்குப் போய் வருவதற்குள் நாள் முடிந்துவிடுகிறது, ஒன்பது நாள் ஆகிவிட்டது.

குடும்பங்களுக்கான கூட்டம் செவ்வாய்க்கிழமை நடந்தது. எல்லோரும் கத்தினார்கள், ஒரு முதியவர் கண்ணீரோடு எழும்பிப் போய்விட்டார். நான் எழுதிக்கொண்டு போன கேள்விகளைக் கேட்டேன். கட்டில்கள் காலியானது புது ஆட்களை அனுப்புவதை நிறுத்திய பிறகுதானே என்று கேட்டதும் வந்திருந்த அதிகாரி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், பிறகு "எழுத்தில் பதில் தருகிறோம்" என்றார். பழைய கவுன்சில் அண்ணா சொன்ன மாதிரி தகவல் கோரிக்கை அன்றிரவே அனுப்பிவிட்டேன்.

கையெழுத்துப் போடவில்லை. பக்கத்து அறைப் பாட்டியின் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள், அது வலித்தது, ஆனால் அந்தத் தாளில் எழுதியிருந்த 100 மில்லியை நினைத்துக்கொண்டு அந்த இடம் அப்படியே இருக்க வேண்டும் என்று என்னால் கையெழுத்து வைக்க முடியவில்லை. அதற்குப் பதிலாக நானே நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். புது மதிப்பீடு முடியாமல் ஒருவரையும் மாற்றக் கூடாது, மூடும் நாளை முதலில் குறித்துவிட்டு ஆட்களை அதற்குள் திணிக்கக் கூடாது, கடைசி ஆள் போகும் வரை நிரந்தர நர்சுகளை வைத்திருக்க மேலதிகமாக என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்று. ஐந்து குடும்பங்கள் அதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் அதேபோல் எழுதியிருக்கிறார்கள், அந்த மகளும் நேற்று வந்து ஒரு பிரதி கேட்டாள்.

மதிப்பீடு அடுத்த புதன். தமிழில் சொன்னால்தான் குடிக்கிறார் என்பதை எழுத வைக்காமல் எழும்ப மாட்டேன். தம்பி வீடியோவில் இருப்பான். ஒரு இடம் பார்த்துவிட்டேன், மத்தியானச் சாப்பாட்டு நேரம், நாலு பேரில் மூன்று பேர் உட்கார்ந்துதான் ஊட்டினார்கள். இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும்.

கானாப் பெண்ணிடம் கேட்டேன். தனக்கு இன்னும் வேலை முடிவாகவில்லை, ஆனால் முதல் நாள் கட்டாயம் வருவேன், கவுன்சில் அனுப்பாவிட்டாலும் லீவு போட்டு வருவேன் என்றார். பிறகு அலமாரியைத் திறந்து அந்தப் பெட்டி மூடியைக் கழற்றி என்னிடம் தந்தார், நான் பிரதி எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஒட்டின இடத்தில் கொஞ்சம் கிழிந்துவிட்டது. பார்த்தால் நான் சொல்லிக் கொடுத்த மூன்று சொல்லுக்குக் கீழே வேறு பேனாவில் நாலாவதாக ஒன்று: "சரி பிள்ளை". இது யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். உங்கள் அம்மாதான், மாத்திரை விழுங்கின பிறகு ஒவ்வொரு முறையும் என்னிடம் சொல்வார், என்ன அர்த்தம் என்று கேட்டார்.